சோம்பேறிக் காற்று

ஜெனிட்டாவின் வாய் பொல்லாதது என்பதைத் தூத்துக்குடி திரேஸ்புரத்தில் அவளைத் தெரிந்த எவரும் மறுக்க மாட்டார்கள். பாலிடெக்னிக்கில் சேர்ந்த முதல் வருடத்திலேயே மூன்று செய்முறைக் குழுக்கள் அவளை நைசாகக் கழற்றிவிட்டிருந்தன. வகுப்புத் தோழி ஒருத்தி இரண்டு வாரம் மெனக்கெட்டு வடிவமைத்த இணையப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "என்னட்டி இது, கல்யாண வீட்டுச் சாமியானா மாதிரி இருக்கு" என்று சொல்லியிருந்தாள். பக்கம் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் பெண் அதற்குப் பிறகு அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரவில்லை.

அதனால் இரண்டாம் வருடத்தில் உலக மாணவர் பட்டறைக்கு அவள் பெயர் தேர்வானபோது, அம்மா புஷ்பலீலா சொன்ன ஒரே புத்திமதி, "வெளிநாட்டுப் பிள்ளைக கிட்டயாவது வாய அடக்கிப் பேசு" என்பதுதான்.

பட்டறையின் விதி எளிமையானது. நான்கு நாடுகளிலிருந்து நான்கு மாணவர்கள் ஒரு குழு. பன்னிரண்டு வாரத்தில், ஒருவரையொருவர் நேரில் பார்க்காமலேயே, கணினியில் புதிதாக ஒன்றைச் சேர்ந்து செய்து காட்ட வேண்டும். அதற்கான மதிப்பெண் ஒரு முழுப் பருவத்துக்கு ஈடு. குழு நடுவில் உடைந்தால் நால்வருக்கும் பூஜ்யம்.

மொழி ஒரு பிரச்சினையே இல்லை. குரல்பாலம் என்ற மென்பொருள் வந்து ஆறேழு வருடமாகியிருந்தது. ஒருவர் ஸ்பானிஷில் பேசினால் ஜெனிட்டாவின் காதில் அது தமிழாக விழும், அதுவும் பேசியவரின் அதே குரலில். உதட்டசைவைக்கூடப் பாலம் திருத்திவிடும். திரையில் பார்த்தால் சிலி நாட்டுப் பெண் பிறந்ததிலிருந்தே தமிழ் பேசுகிறவள் போலத் தோன்றும். செய்தி வாசிக்கிற தமிழ்தான், ஆனாலும் தமிழ்.

அந்தச் சிலிப் பெண் மத்தில்தே. உலகத்தின் தென்கோடியில் இருக்கும் புந்தா அரேனாஸ் என்ற ஊர்க்காரி. நிரல் எழுதுவதில் கெட்டிக்காரி. கென்யாவில் கிசுமு என்ற ஏரிக்கரை நகரத்திலிருந்து அச்சியெங், படம் வரைபவள். பின்லாந்தின் ஓலு நகரத்திலிருந்து ஏரோ, ஒலியும் இசையும் அவன் பொறுப்பு. கதையும் விளையாட்டின் விதிகளும் ஜெனிட்டாவுடையவை. நால்வருக்கும் பத்தொன்பது, இருபது வயதுதான். இங்கே மாலை ஆறரை மணி அடிக்கும்போது அங்கே மத்தில்தே காலைக் காப்பியோடு வந்து உட்காருவாள்.

அவர்கள் செய்ய எடுத்துக்கொண்டது ஒரு விளையாட்டு. ஆடுகிறவர்தான் காற்று. கையும் இல்லை, காலும் இல்லை, வீச மட்டும் முடியும். நான்கு ஊர்களுக்குள் புகுந்து, வீசி வீசியே மனிதர்களுக்கு உதவ வேண்டும். உப்பளத்தில் உப்பைக் காய வைக்கலாம், பாய்மரத்தைத் தள்ளலாம், கொடியில் கிடக்கும் துணியை உலர்த்தலாம்.

முதல் ஏழு வாரமும் ஜெனிட்டாவுக்கு சொர்க்கம்போலக் கழிந்தன. அவள் எதைச் சொன்னாலும் மூவரும் புன்னகையோடு கேட்டார்கள். "மிக நல்ல யோசனை, ஜெனிட்டா" என்பார்கள். அவள் ஒருமுறைகூட வாயை அடக்கவில்லை. இருந்தும் எவரும் முகம் சுளிக்கவில்லை. தூத்துக்குடியில்தான் தொட்டாற்சுருங்கிகள் என்றும், உலகத்தில் மற்ற எல்லா இடத்திலும் நேர்மையைத் தாங்கிக்கொள்ளும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்றும் அவள் முடிவுக்கு வந்திருந்தாள்.

ஏழாம் வார முடிவில் நடுவர்கள் விளையாட்டை ஆடிப் பார்த்தார்கள். மூன்று வரியில் கருத்து வந்தது. மிகவும் அழகாக இருக்கிறது. குறை என்று எதுவும் இல்லை. ஐந்து நிமிடம் ஆடினால் தூக்கம் வருகிறது.

மறுநாள் மாலை நால்வரும் கூடினார்கள். தூத்துக்குடியில் மழை. இணைப்பு விட்டுவிட்டு வந்தது. அச்சியெங் பேசத் தொடங்கினாள். "காற்று அருமையாக அமைந்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் மேம்படுத்த வாய்ப்பு உண்டு" என்று தமிழில் பாதி வந்தபோது பாலம் தடுக்கி நின்றது. அடுத்த சில நொடிகளுக்கு அச்சியெங்கின் அசல் குரல் அப்படியே கேட்டது. அவள் பேசிக்கொண்டிருந்தது ஆங்கிலம். ஜெனிட்டாவுக்கு அது புரியும்.

"ஏழு வாரமா சொல்றேன். இவ்வளவு சோம்பேறிக் காற்றை என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. செத்த ஆள் மூச்சு விடுற மாதிரி இருக்கு."

பாலம் மறுபடி ஓடத் தொடங்கியது. அச்சியெங்கின் முகம் புன்னகைக்குத் திரும்பியது. ஜெனிட்டா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாலத்தை அணைத்துவிட்டுத் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அச்சியெங், நீ வரைஞ்ச ஏரிக்கு நீ போட்ட நிறத்தைப் பத்திப் போன வாரம் நான் ஒண்ணு சொன்னேனே. உனக்கு அது எப்படிக் கேட்டது?"

"நிறம் இதமா இருக்கு, கொஞ்சம் வெளிச்சம் கூட்டலாமான்னு கேட்டே. ஏன்?"

ஜெனிட்டா சொன்னது, மீன் கழுவி ஊத்துன தண்ணி மாதிரி இருக்கு என்று. அதை ஆங்கிலத்தில் எப்படியோ சொல்லி முடித்தாள். அச்சியெங் சிரித்த சிரிப்பில் கேமரா ஆடியது.

ஜெனிட்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழு வாரமாக இவர்களுக்குப் பிடித்திருந்தது யாரை?

பட்டறையின் ஒருங்கிணைப்பாளர் சாந்தலட்சுமி சென்னையில் இருந்தார். அன்றே ஜெனிட்டா அவரைத் தொடர்புகொண்டாள். அவர் மறைக்கவில்லை.

"அதுக்கு இதம்னு பேரும்மா. பேச்சை மென்மையாக்குற ஏற்பாடு, பாலத்துக்குள்ளயே இருக்கு. நீங்க கையெழுத்துப் போட்ட தாள்ல ரெண்டாம் பக்கத்துல எழுதியிருக்கோம். யாரும் படிக்கிறதில்ல."

"நாங்க பேசுனத மாத்துறதுக்கு உங்களுக்கு யாரு மேடம் உரிமை குடுத்தா?"

"கோபப்படறது நியாயம்தான். நான் காரணத்தையும் சொல்லிடறேன். பட்டறை ஆரம்பிச்ச முதல் வருஷம் நூறு குழு. மூணே வாரத்துல நாப்பத்தொண்ணு உடைஞ்சுது. எல்லாம் வார்த்தைதான். ஒரு ஊர்ல கிண்டல், இன்னொரு ஊர்ல அவமானம். அழுதுட்டு விலகின பிள்ளைங்க எத்தனையோ. இதம் வந்த பிறகு ஒரு குழுகூட உடையல."

"நல்லதா ஒண்ணும் வந்திருக்காதே."

"அதை நாங்க அளந்து பாக்கல" என்றார் சாந்தலட்சுமி. "இதத்தை எடுக்கலாம். நாலு பேரும் சம்மதிக்கணும். எடுத்தா இந்தப் பட்டறை முடியிற வரைக்கும் திரும்பப் போட முடியாது. குழு உடைஞ்சா எல்லாருக்கும் பூஜ்யம். யோசிச்சு சொல்லுங்க."

அச்சியெங் அந்த நிமிடமே சம்மதித்தாள். மத்தில்தே ஒரு மணி நேரத்தில். ஏரோ மட்டும் ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டு, ஒற்றைச் சொல்லில் சரி என்று எழுதி அனுப்பினான். அச்சியெங் இன்னொரு யோசனையும் சொன்னாள். மொழிபெயர்ப்பின் ஒலியைக் குறைத்துவிட்டு, அதன் அடியில் ஒவ்வொருவரின் அசல் குரலும் கேட்கட்டும் என்றாள். அப்படியே செய்தார்கள்.

இதம் இல்லாத முதல் மாலையில் மத்தில்தேதான் முதலில் வெடித்தாள். செய்தி வாசிக்கும் தமிழ் போய்விட்டது. பாலம் இப்போது அவள் சூட்டையும் சேர்த்துக் கொண்டுவந்தது.

"எங்க ஊர்க் காத்தைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? காத்தடிக்கிற காலத்துல தெருவுல கயிறு கட்டி வைப்பாங்க. அதைப் புடிச்சுக்கிட்டுதான் நடக்கணும். ஆளைத் தூக்கி அடிக்கும். நான் நாலு தடவை சொன்னேன், காத்து தப்பு பண்ணணும், எதையாவது உடைக்கணும்னு. நீங்க மூணு பேரும் தலையை ஆட்டிட்டு துணி காயப் போட்டீங்க."

"நீ சொன்னது அப்படிக் கேக்கல" என்றாள் ஜெனிட்டா. "காற்றுக்கு இன்னும் ஆற்றல் தரலாமேன்னு கேட்டுச்சு."

"நான் கத்தினேன்."

"நீ சிரிச்சே."

"சிரிச்சது பாலம். நான் மேஜையைக் குத்தினேன்."

அதன் பிறகு யார் யாரைத் திட்டினார்கள் என்று கணக்கே இல்லை. ஜெனிட்டா எழுதிய கதையை மத்தில்தே பள்ளிக்கூடத்து நீதிபோதனை என்றாள். மத்தில்தேயின் நிரலை அச்சியெங், பாத்திரம் அடுக்கத் தெரியாதவள் வீட்டுச் சமையலறை என்றாள். ஜெனிட்டா எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்தாள். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த புஷ்பலீலா கணவரிடம், "ரெண்டு மாசமா ஒரு சண்டையும் இல்லையே, பிள்ளைக்கு என்னமோ ஆயிருச்சோன்னு பயந்துகிட்டே இருந்தேன். இப்பத்தான் பழையபடி சண்டை போடுதா" என்றாள்.

ஒரு மணி நேரம் கழித்து, தொண்டை வறண்டு மூவரும் நிறுத்தியபோதுதான் ஜெனிட்டா கவனித்தாள். ஏரோ ஒரு சொல்லும் பேசவில்லை. போன வாரம் வரை நிமிடத்துக்கு ஒரு தரம் அழகாக ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தவன் அவன்.

"என்ன ஏரோ, நீயும் எங்களைத் திட்டிரு."

அவன் வாயைத் திறந்தான். உதடு அசைந்தது, ஒலி வரவில்லை. மறுபடி முயன்றான். ஒரே எழுத்து இரண்டு முறை, மூன்று முறை வந்தது. இணைப்புதான் தடுமாறுகிறது என்று ஜெனிட்டா நினைத்தாள். சூடும் இன்னும் ஆறவில்லை.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? சொல்லு சீக்கிரம்."

ஏரோவின் சதுரம் திரையில் இருண்டது.

அச்சியெங்தான் மெதுவாகச் சொன்னாள். "இணைப்பு நல்லாத்தான் இருந்துச்சு. அவனுக்குத் திக்குவாய், ஜெனிட்டா. என் தம்பிக்கும் உண்டு. கேட்டதும் தெரிஞ்சுது."

இத்தனை நாளும் பாலம் அதையும் சரிசெய்துவந்திருக்கிறது. ஜெனிட்டாவின் கூர்மையை மழுக்கிய அதே இதம்தான் ஏரோவின் சொற்களை ஓட விட்டிருக்கிறது. அதைப் பிடுங்கியது அவள்தான். திரும்பப் போடவும் முடியாது.

மறுநாள் ஏரோ வரவில்லை. அழைத்தாலும் எடுக்கவில்லை. மதிப்பெண் போவதைப் பற்றி மத்தில்தே ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அது ஜெனிட்டாவை இன்னும் வதைத்தது. வாழ்க்கையில் எத்தனையோ பேரைக் காயப்படுத்தியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும், உண்மையைத்தானே சொன்னேன் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள். இந்தமுறை அதற்கும் வழியில்லை. அவள் சொன்னது உண்மைகூட இல்லை.

அதற்கடுத்த நாள் மத்தியானம் கல்லூரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அவனுக்கு ஒரு குரல்செய்தி பதிவு செய்தாள். மூன்று தரம் அழித்துவிட்டு நான்காவதை அனுப்பினாள்.

"ஏரோ, நான் கேட்டது தப்பு. தெரியாமத்தான் கேட்டேன், ஆனா தெரியாட்டியும் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. நீ வா. உனக்கு எவ்வளவு நேரம் வேணுமோ எடுத்துக்க, நான் காத்துக்கிட்டு இருப்பேன். எனக்குக் காத்திருந்து பழக்கம் கிடையாது. அதனால மூஞ்சியில எரிச்சல் தெரியும். அது உன் மேல இல்ல, என் மூஞ்சியே அப்படித்தான்."

அன்று மாலை ஆறரைக்கு அவன் சதுரம் எரிந்தது.

அவன் பேசி முடிக்கப் பதினைந்து நிமிடம் ஆயிற்று. மூவரும் வாயைத் திறக்கவில்லை. ஜெனிட்டா இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு இ... இதம் பிடிச்சிருந்தது" என்றான் ஏரோ. "கடையில, வகுப்புல, எல்லா இடத்துலயும் அதுலதான் பேசுறேன். அது இல்லாம நான் பேசினா ஜனங்க என் வா... வாக்கியத்தை அவங்களே முடிச்சிருவாங்க. நல்லவங்கதான். உதவின்னு நினைச்சு செய்வாங்க. பாலமும் அதைத்தான் செஞ்சுது. நான் ஆரம்பிப்பேன், அது முடிச்சிரும். நிறைய தடவை நான் சொ... சொல்ல வந்தது அது இல்ல."

"பின்ன எதுக்கு சம்மதிச்சே?" ஜெனிட்டா கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஏரோ கோபப்படவில்லை. "நீங்க மூணு பேரும் நெ... நெஜமா எப்படிப் பேசுவீங்கன்னு கேக்க ஆசையா இருந்துச்சு. கேட்டேன். பயங்கரமா இருந்துச்சு." அவன் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. "காத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும். ஏழு வாரமா சொல்ல முடியல. நம்ம காத்து ஒரே வேகத்துல வீசுது. அது காத்து இல்ல, மின்விசிறி. நான் தினமும் மை... மைக்கைத் தூக்கிட்டுப் போய்க் காத்தைப் பதிவு பண்றவன். காத்து அப்படி வராது. வரும், நிக்கும், மறுபடி முட்டும், எங்கேயோ மாட்டிக்கும், அப்புறம் மொத்தமா வந்து கொட்டும்." அவன் ஒரு நொடி தயங்கினான். "காத்து தி... திக்கும்."

மத்தில்தே நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, அறைக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நீ பதிவு பண்ணினதை எல்லாம் அனுப்பு. எல்லாத்தையும். இப்பவே."

அன்றிலிருந்து நடந்ததை வேலை என்று சொல்ல முடியாது, திருவிழா என்றுதான் சொல்ல வேண்டும். ஏரோவின் ஒலிப்பதிவுகளிலிருந்து மூச்சுத் திணறித் திணறி வீசும் காற்றை மத்தில்தே நிரலாக்கினாள். பழைய காற்றை நால்வரும் சேர்ந்து அழித்தார்கள். ஜெனிட்டாவின் அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். தூத்துக்குடிக் கரையில் மேற்கிலிருந்து வந்தால் கச்சான், வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோழகம் என்று ஒவ்வொரு காற்றுக்கும் தனிப்பெயரும் தனிக்குணமும் உண்டு என்று அவள் சொன்னதும் அச்சியெங் துள்ளினாள்.

"எங்க ஏரியில காத்து காலையில கரையிலருந்து தண்ணிக்குப் போகும், மத்தியானம் திரும்பி வந்துரும். வீட்டு ஞாபகம் உள்ள காத்து."

"அப்ப ஒரு காத்து போதாது" என்றாள் ஜெனிட்டா. "நாலு காத்து வேணும். நாலும் ஒண்ணுக்கொண்ணு ஆகாது. ஆடுறவன் அதுகள அடக்கக் கூடாது, சண்டையோட சேத்து வேலை வாங்கணும்."

அப்படித்தான் விளையாட்டு மாறியது. புந்தா அரேனாஸின் காற்று முரடு, ஆளைத் தள்ளும். ஏரியின் காற்று சொன்ன நேரத்துக்கு வீட்டுக்குக் கிளம்பிவிடும். ஓலுவின் காற்று பாதி வழியில் நின்று யோசிக்கும். தூத்துக்குடிக் காற்று கூப்பிடாத இடத்துக்கெல்லாம் போகும். அதை அப்படி எழுதியது மத்தில்தே. ஜெனிட்டா அதைப் படித்துவிட்டு ஒரு வரிகூட மாற்றவில்லை.

சண்டை குறையவில்லை. ஆனால் அதற்கு ஒரு நடைமுறை வந்துவிட்டது. ஏரோ பேசும்போது யாரும் முடித்துவைக்கக் கூடாது. ஜெனிட்டா எதையாவது கிழித்தால், கிழித்த இடத்தைத் தைப்பதற்கும் அவளே ஒரு யோசனை சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது விதி அவளுக்குப் பெரும் தண்டனையாக இருந்தது. பத்து நாளில் அது பழகிவிட்டது. கல்லூரியில்கூட ஒரு பெண்ணிடம், "இது நல்லா இல்லட்டி, ஆனா இந்தப் பட்டனை மேல தூக்கி வச்சா நல்லாருக்கும்" என்று சொல்லி, அந்தப் பெண் நன்றி சொன்னதைக் கேட்டுத் திகைத்து நின்றாள்.

சொற்களும் கை மாறின. கணினி மாட்டிக்கொண்டால் மத்தில்தே அதைப் பார்த்து "ஏலே" என்று அதட்டினாள். வேலையைத் தொடங்கும்போது ஏரோ சொல்லும் "நோ நீன்" எல்லாருக்கும் தொற்றிக்கொண்டது. யாருக்காவது நிரல் உடைந்தால் மற்ற மூவரும் அச்சியெங்கின் ஊர் வழக்கப்படி "போலே, போலே" என்று துக்கம் விசாரித்தார்கள். ஒரே வாக்கியத்தில் நான்கு ஊர்ச் சொற்களும் வந்து விழுந்தன. "சும்மா" என்ற சொல்லுக்கு மூன்று நாடுகளிலும் ஈடு இல்லையாம். அதைப் பங்கு போட்டு எடுத்துக்கொண்டார்கள். ஏரோ அதைத் திக்காமல் சொன்னான்.

பன்னிரண்டாம் வாரம் இறுதி நாள். நடுவர்கள் ஐந்து பேர். ஒரு குழுவுக்கு இருபது நிமிடம். மத்தில்தேயின் முரட்டுக் காற்று ஒரு நடுவரின் கையில் சிக்கி, பேருந்து நிறுத்தத்தின் கூரையைப் பிய்த்து ஏரியில் போட்டது. அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மறுபடி வீசினார். கூரை இன்னொரு கரைக்குப் போய் ஒரு மீனவனுக்குப் படகாயிற்று. இதை நால்வரில் எவரும் எழுதவில்லை. காற்றுகள் தங்களுக்குள் மோதியதில் தானாக நடந்தது. இருபது நிமிடம் முடிந்து மணி அடித்தும், ஐந்து நடுவர்களில் ஒருவரும் ஆட்டத்தை விட்டு எழவில்லை. ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் யாரோ வந்து நினைவூட்ட வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் சாந்தலட்சுமி அழைத்தார். அவர்கள் விளையாட்டு முதல் வரிசையில் வந்திருந்தது. அதைச் சொல்லி, வாழ்த்திவிட்டு, அவர் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

"அடுத்த வருஷம் இதத்தை எல்லாருக்கும் தானா போடறதில்லைன்னு முடிவு பண்ணியிருக்கோம். வேணுங்கறவங்க கேட்டு வாங்கிக்கலாம். அதுக்காக உங்க குழுவோட பதிவை எல்லாம் எடுத்துப் பாத்தேன். அதுலதான் ஒரு சந்தேகம். பாலத்துல கோளாறு வந்தப்ப நீங்க ஏன் புகார் கொடுக்கல?"

"என்ன கோளாறு மேடம்?"

"உங்க நாலு பேருக்கு நடுவுல பாலம் பதினேழு நாளா ஓடலயேம்மா. நடுவர்கள் கிட்டப் பேசினப்ப ஓடியிருக்கு. நீங்க உங்களுக்குள்ள பேசினப்ப எல்லாம், இது எந்த மொழின்னு தெரியலன்னு எழுதி வச்சுட்டு நின்னுருக்கு. தினமும் அதே வரி. அப்ப இத்தனை நாள் எப்படிப் பேசிக்கிட்டீங்க?"

நேற்று மாலைகூட ஏரோ ஒரு நகைச்சுவை சொன்னான். நீளமானது, சொல்லி முடிக்க எட்டு நிமிடம் ஆயிற்று. ஒரு கலைமானும் ஒரு வங்கி மேலாளரும் வருவார்கள். கடைசி வரி வந்தபோது மத்தில்தே காப்பியைக் கொட்டிக்கொண்டாள்.

அவன் அதை எந்த மொழியில் சொன்னான் என்று ஜெனிட்டா யோசித்துப் பார்த்தாள். எவ்வளவு யோசித்தும், விலா வலிக்கச் சிரித்தது மட்டும்தான் அவளுக்கு நினைவுக்கு வந்தது.